முழங்கால் வலியோடு வெனிஸ்

வெனிஸில் 400-க்கும் அதிகமான பாலங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே படியேறிப் படியிறங்கும் பாலங்கள். கீழே படகு போக வேண்டுமே, அதனால் நடுவில் கூன் போட்டு நிற்கும். ஊருக்குள் கார் கிடையாது, பஸ் கிடையாது, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. எழுபதை நெருங்கும் என் அம்மாவுக்கோ இரண்டு முழங்காலிலும் தேய்மானம். "அந்த ஊர் மட்டும் வேண்டாம், பேசாமல் ரோமுக்குக் கூட்டிப்போ" என்றுதான் மியூனிக்கில் தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். போய்வந்த பிறகு என் அபிப்பிராயம் நேர்மாறு. முட்டிவலிக்காரர்களுக்கு ரோமைவிட வெனிஸ் சௌகரியம். ஆனால் ஊரைத் தெருவை வைத்துத் திட்டமிடக் கூடாது, படகுத்துறையை வைத்துத் திட்டமிட வேண்டும்.

காரணம் எளிது. கடற்கழிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகளை ஒட்டுப்போட்டதுதான் வெனிஸ். ஒவ்வொரு தீவும் தனக்குள் சமதளம், மேடு என்ற பேச்சே இல்லை. சிரமம் ஒரு தீவிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போதுதான். ஆகவே ஓர் இடம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பது முக்கியமில்லை, இடையில் எத்தனை தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செல்போன் வரைபடம் "6 நிமிட நடை" என்று சொல்லிவிட்டு அதற்குள் மூன்று பாலங்களை ஒளித்துவைத்திருக்கும். நீல நிறக் கோடுகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாலமே ஏறாமல் படகிலிருந்து இறங்கிப் போகக்கூடிய பகுதிகளைத் தனி நிறத்தில் காட்டும் வரைபடத்தை நகராட்சியே வெளியிட்டிருக்கிறது. சக்கர நாற்காலிக்காரர்களுக்காகப் போட்டது, எங்களுக்கு அதுதான் வேதம்.

தங்குமிடத்தில்தான் பாதி வெற்றி. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் தங்குவார்கள். அங்கிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், அறை வாடகையும் குறைவு. இளைஞர்கள் தாராளமாகச் செய்யலாம். முட்டிவலியோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மத்தியானம் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க அறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்னும் சுற்றுலாக் கூட்டம் ரயிலேறிப் போன பிறகும்தான் அந்த ஊர் ஊராக இருக்கிறது, அந்த இரண்டு வேளையையும் மெஸ்த்ரேக்காரர்கள் இழந்துவிடுவார்கள்.

நாங்கள் பிடித்தது தோர்சோதூரோ பகுதியில், ஜெசுவாத்தி தேவாலயத்துக்குப் பின்னால் சமையலறையோடு கூடிய ஒரு சின்ன வீடு. இந்த இடத்தின் விசேஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தெற்கே ஸாத்தெரே என்ற நீண்ட கரையோரப் பாதை, அதில் ஒரு படகுத்துறை. வடக்கே அக்காதெமியா ஓவியக்கூடம், அதன் வாசலில் பெருங்கால்வாயின் இன்னொரு படகுத்துறை. இரண்டுக்கும் நடுவே அகலமான நேர்த்தெரு, ஒரு பாலம்கூட இல்லை. முன்பு கால்வாயாக இருந்து பிறகு மண் கொட்டித் தூர்த்த தெரு அது. இப்படித் தூர்த்த தெருக்கள் ஊர் முழுக்க உண்டு, சுவரில் 'ரியோ தெரா' என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம்.

முகவரியை நம்பி வீடு தேட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் ஆறு பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. வீட்டு எண் தெருவுக்குத் தெரு 1, 2 என்று தொடங்காது, பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் ஓடும். 'தோர்சோதூரோ 900-சொச்சம்' என்றால் உள்ளூர்க்காரருக்கே திசை தெரியாது. வீட்டுக்காரரிடம் எந்தப் படகுத்துறை, அங்கிருந்து எத்தனை பாலம், மாடிப்படி எத்தனை என்ற மூன்று கேள்விகளையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பழைய கட்டிடங்களில் மின்தூக்கி அபூர்வம்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே சாலை இருக்காது, படிக்கட்டு, அதற்குக் கீழே பெருங்கால்வாய். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டார், "ஏண்டி, பஸ் ஸ்டாண்ட் எங்கே?" அதுவும் தண்ணீரில்தான் மிதந்துகொண்டிருந்தது.

வபொரெத்தோ என்ற அந்தப் படகுதான் ஊரின் டவுன் பஸ். 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ என்று பார்த்ததும் நெஞ்சு அடைக்கும். ஆனால் 24 மணி நேரத்துக்கு 25, 48-க்கு 35, 72-க்கு 45 யூரோ என்று போகிறது. பாலத்துக்குப் பதில் படகு என்று முடிவெடுத்துவிட்டால் நீண்ட நேரச் சீட்டுதான் லாபம். எதிர்க்கரைக்குப் போகவே படகேறும் எங்களைப் போன்றவர்களுக்கு அது இரண்டாம் நாளே காசைத் திருப்பித் தந்துவிடும். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் துறையில் உள்ள கருவியில் சீட்டைக் காட்டி ஒலி கேட்க வேண்டும். சீட்டு கையில் இருந்தும் இதைச் செய்யாததற்கு அபராதம் கட்டியவர்களைப் பார்த்தேன்.

1ஆம் எண் படகு பெருங்கால்வாய் முழுக்க ஏறக்குறைய எல்லாத் துறையிலும் நின்று போகும், 2ஆம் எண் வேகமானது. ரயில் நிலையம் போன்ற பெரிய இடங்களில் எழுத்துப் போட்ட பல மேடைகள் இருக்கும். ஒரே எண் படகு ஒரு மேடையிலிருந்து கிழக்கேயும் இன்னொன்றிலிருந்து மேற்கேயும் போகும். எண்ணைப் பார்த்ததும் ஏறிவிடாமல் மேடைப் பலகையில் உங்கள் துறையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1ஆம் எண்ணில் நல்ல இருக்கை வேண்டுமென்றால் அது தொடங்கும் பியாஸ்ஸாலே ரோமாவுக்கே போய் ஏறுங்கள். அங்கிருந்து ஊரின் பெரிய சதுக்கமான சான் மார்க்கோ வரை முக்கால் மணி நேரம், இரண்டு பக்கமும் அரண்மனைகள். ஒருவருக்கான சீட்டு, கோண்டோலாவுக்குக் கொடுக்கும் காசில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், மாடங்களில் விளக்கு போட்ட பிறகு போனால் உள்ளே தொங்கும் சரவிளக்குகளும் உத்தரத்து ஓவியங்களும் தெரியும். நாங்கள் பெரும்பாலான மாலைகளில் அதையே செய்தோம்.

முட்டிக்கு வேண்டிய ஒரு நுணுக்கம் எந்தக் கையேட்டிலும் என் கண்ணில் படவில்லை. துறை மேடைகள் மிதப்பவை. கரைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு பலகைச் சரிவு இருக்கும். கடல் ஏற்றத்தில் அது தட்டையாக இருக்கும், வற்றம் வந்தால் நன்றாகச் சாயும். காலையில் சுலபமாக இறங்கிய அதே துறையில் மத்தியானம் கைப்பிடி தேவைப்பட்டது. ஓரப் படிகளில் பச்சையாகப் பாசி படிந்திருக்கும் கோட்டுக்குக் கீழே யாரும் கால் வைக்க வேண்டாம், எண்ணெய் தடவியது போல வழுக்கும்.

கோண்டோலா ஏறவில்லையா என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு ஏழுக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் சேர்ந்தால் பரவாயில்லை. இரண்டு பேருக்கு என் மனசு ஒப்பவில்லை. பதிலாக அது கட்டப்படும் இடத்தைப் பார்த்தோம். ஸாத்தெரேயிலிருந்து பாலம் ஏறாமலேயே சான் த்ரொவாசோ கால்வாய்க் கரைக்கு நடந்தால் எதிர்க்கரையில் ஒரு பழைய படகுப் பட்டறை. மரவீடு மலைநாட்டுப் பாணியில் இருக்கும், மரமும் தச்சர்களும் வடக்கே மலையிலிருந்து வந்ததால் அப்படி. கவிழ்த்துப் போட்டிருந்த கோண்டோலாவை அம்மா வெகு நேரம் பார்த்துவிட்டு, "கோணலா இருக்கே, பழுதா?" என்றார். பழுதில்லை. ஏறக்குறைய 11 மீட்டர் நீளப் படகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சுமார் 24 சென்டிமீட்டர் அகலம் அதிகம். ஒரே துடுப்பை வலப்பக்கம் மட்டும் போடுவதால் படகு ஒரு பக்கமாகத் திரும்பாமல் இருக்க அந்தக் கோணல். கோண்டோலாவில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால், பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்கும் த்ரகெத்தோ என்ற அக்கரைப் படகு இருக்கிறது, 2 யூரோ. உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே போவார்கள். நாம் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நாங்கள் போனது நவம்பர். கூட்டம் குறைவு, குளிர் கையுறை போடும் அளவு. இந்த மாதத்துக்கு இரண்டு லாபம். முதலாவது, அக்டோபர் கடைசியில் நடக்கும் மாரத்தானுக்காக ஸாத்தெரேயின் பாலங்கள்மேல் மரச்சரிவுகள் போடுவார்கள், ஓட்டம் முடிந்த பிறகும் அவற்றைச் சில மாதம் எடுப்பதில்லை. படியே ஏறாமல் கரையோரமாக நெடுந்தூரம் நடக்க முடிந்தது. இரண்டாவது, நவம்பர் 21.

1630-இல் வெனிஸைக் கொள்ளைநோய் தாக்கியபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டார்கள். நோய் தீர்ந்தால் கோயில் கட்டுகிறோம் என்று ஆட்சிக் குழு நேர்ந்துகொண்டது. 1631-இல் தொடங்கி 1687-இல் குடமுழுக்குக் கண்ட சாந்தா மரியா தெல்லா சலூத்தே அப்படி எழுந்ததுதான். ஆரோக்கிய அன்னையின் கோயில். வேளாங்கண்ணிக்குப் போகும் பக்கத்து வீட்டாரோடு தானும் சில முறை போய்வந்த கும்பகோணத்து அம்மாவுக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை. அதன் பாரத்தைத் தாங்க 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கம்பங்களைச் சேற்றில் அடித்து இறக்கினார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். காற்றுப் புகாத களிமண்ணுக்குள் இருப்பதால் மரம் எளிதில் உளுத்துப்போவதில்லை. ஊரே இப்படித்தான் நிற்கிறது.

ஆண்டுதோறும் நவம்பர் 21 அன்று அந்த நேர்த்திக்கடனை ஊர் இன்னும் செலுத்துகிறது. பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் ஒன்றைப் போடுகிறார்கள், எதிர்க்கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சுற்றுலாப் பயணி கண்ணில் படாத வெனிஸை நான் அன்றுதான் பார்த்தேன். தள்ளுவண்டியில் குழந்தை, கம்பளிக் கோட்டில் பாட்டி, பள்ளிக்கூடக் கூட்டம், பின்பக்கச் சந்தில் பலூன், பஞ்சுமிட்டாய், எண்ணெயில் பொரித்த இனிப்புப் பணியாரம். வாசலில் மெழுகுவத்தி விற்கிறார்கள். உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே நிற்பவர்கள் வாங்கி ஏற்றுவார்கள். கூட்டம் அதிகமாகையால் கொஞ்ச நேரத்தில் அணைத்து எடுத்துவிட்டு அடுத்தவருடையதை வைக்கிறார்கள். "முழுசா எரியவிட மாட்டேங்கறானே" என்று அம்மாவுக்கு வருத்தம். கோயில் முகப்பில் படிகள் உண்டு. அந்தப் பயணத்தில் அம்மா தானாக, யாரும் சொல்லாமல் ஏறிய படிகள் அவை.

நவம்பரின் பாதகம் கடலேற்றம். அக்வா ஆல்த்தா என்பார்கள். 1966 நவம்பர் 4 அன்று நீர்மட்டம் 194 சென்டிமீட்டரும் 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டரும் தொட்டது. 2020 அக்டோபரிலிருந்து கழிமுகங்கள் மூன்றிலும் மொத்தம் 78 மடைகளைத் தேவைப்படும்போது எழுப்பிக் கடலைத் தடுக்கிறார்கள், மோசே என்று பெயர். பொதுவாக 110 சென்டிமீட்டர் வரும் என்று கணித்தால்தான் எழுப்புவார்கள். சான் மார்க்கோ சதுக்கமோ அதற்கும் மிகக் கீழான மட்டத்திலேயே நனையத் தொடங்கிவிடும், ஊரிலேயே தாழ்வான இடம் அது. கரையைத் தாண்டி வருவதற்கு முன்பே தண்ணீர் தரையில் உள்ள வடிகால் துளைகள் வழியாக மேலே கொப்பளிக்கிறது. நடக்க மேசை போன்ற பலகைப் பாதை போடுவார்கள். நெரிசலில் அதன்மேல் முட்டிவலிக்காரர் நடப்பது சரிவராது. பிளாஸ்டிக் காலுறை வாங்கி அணிந்துகொண்டு தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். சும்மா காத்திருங்கள், சில மணி நேரத்தில் கடலே திரும்பப் போய்விடும். நகராட்சியின் கடலேற்றக் கணிப்பை முதல் நாள் இரவே பார்த்து, ஏற்ற நேரத்துக்கு ஓவியக்கூடத்தையும் வற்ற நேரத்துக்குச் சதுக்கத்தையும் வைத்துக்கொண்டோம். ஏற்றம் மிகுந்தால் சில படகுகள் பாலத்தடியில் நுழைய முடியாமல் வழி மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சதுக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எல்லாரும் எழுதியதுதான். பேராலயத்தின் மணிக்கோபுரத்துக்கு மின்தூக்கி உண்டு, நேராக மேலே விடும். 1902-இல் இடிந்து விழுந்து 1912-இல் அப்படியே திரும்பக் கட்டியது. பேராலயத்துக்குள் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். 1204-இல் கான்ஸ்டான்டினோபிளைக் கொள்ளையடித்தபோது கொண்டுவந்த வெண்கலக் குதிரைகளின் அசல்கள் மாடியில் இருக்கின்றன. அந்தப் படிக்கட்டு செங்குத்து என்பதால் நான் மட்டும் ஏறினேன். வெளியே முகப்பில் நிற்பவை நகல்கள்.

அம்மா அதிக நேரம் செலவிட்டது கிணறுகளிடம். ஒவ்வொரு சதுக்கத்தின் நடுவிலும் செதுக்கிய கல்லால் ஒரு கிணற்று மேடை, மேலே மூடி. சுற்றிலும் உப்புநீர், தோண்டினாலும் உப்புநீர், பிறகு கிணறு எதற்கு? அது ஊற்றுக் கிணறே அல்ல. சதுக்கத்தைத் தோண்டிப் பக்கங்களில் களிமண் பூசிக் கடல்நீர் புகாமல் அடைத்து, உள்ளே மணல் நிரப்பி, நடுவில் செங்கல் குழாய் ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். தளக்கற்கள் லேசாகச் சரிந்து சில வடிகால் துளைகளில் மழைநீரை விடும். அது மணல்வழி வடிகட்டி நடுக்குழாயில் சேரும். நாம் 2000-களில் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு செய்ததை அவர்கள் பல நூற்றாண்டு வைத்துப் பிழைத்திருக்கிறார்கள். மழை பொய்த்தால் ப்ரெந்தா ஆற்றிலிருந்து படகில் நன்னீர் வந்தது. 1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் வந்த பிறகுதான் கிணறுகளுக்கு மூடி விழுந்தது. இன்று தெருமுனைக் குழாய்களில் ஓடும் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. காசு கொடுத்துப் புட்டி வாங்காதீர்கள்.

அப்படி ஒரு குழாயில் பிடித்த தண்ணீரை அம்மா அண்ணாந்து, உதடு படாமல் குடித்ததை ஒரு சிறுவன் வாய்பிளந்து பார்த்தான். இந்த ஊர்க்காரர் ஒருவர் இதை 700 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்து எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மக்கள் பாத்திரத்தில் வாய் வைக்காமல் தூக்கிக் குடிப்பதையும் வலக்கையால் மட்டும் உண்பதையும் குறித்திருக்கிறார். காயல் துறைமுகத்தில் குதிரைகள் வந்திறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும்கூட விடவில்லை. அவர் குடும்பம் வாழ்ந்த இடம் பெருங்கால்வாய்மேல் உள்ள ரியால்தோ பாலத்துக்குப் பின்னால், மில்யோன் முற்றங்கள் என்ற இரண்டு சின்ன முற்றங்களில். ரியால்தோ துறையிலிருந்து ஒரு பாலமாவது ஏறியே ஆக வேண்டும். "காயலுக்கு வந்த மனுஷன் வீட்டுக்கு ஒரு பாலம் ஏற மாட்டேனா" என்று அம்மாவே கிளம்பினார். போலோ வீடு எப்போதோ எரிந்துபோயிற்று. பழைய வளைவுகளும் ஒரு கிணறும்தான் மிச்சம். இருந்தாலும் பழையகாயலைக் கேள்விப்பட்ட எந்தத் தமிழருக்கும் அந்த முற்றத்தைச் சிபாரிசு செய்வேன்.

சாப்பாடு. சைவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஊர். வறுத்த ரொட்டிக்குள் வைத்த சீஸில் நெத்திலி ஒளிந்திருக்கும், அவரைக்கொட்டைச் சூப்பில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், ரிசொத்தோ என்ற குழைந்த சாதத்தைப் பெரும்பாலும் இறைச்சி அல்லது மீன் வடிநீரில்தான் வேகவைப்பார்கள். தக்காளி ஸ்பகெத்தி நம்பகம். காப்பியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. உணவகத்தில் தலைக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணமும் பில்லில் வரும், ஏமாற்று அல்ல. நாங்கள் ரியால்தோ காய்கறிச் சந்தையில் வாங்கி வீட்டிலேயே சமைத்தோம். அரிசிக்கும் பருப்புக்கும் மெஸ்த்ரே. ஊரின் உணவகங்களில் வேலை செய்யும் வங்கதேசத்தவர்கள் பெருமளவில் அங்கே வசிக்கிறார்கள், ரயில் நிலையத்துக்கு எதிரே கொஞ்சம் நடந்தால் அவர்களுடைய மளிகைக் கடைகளில் பச்சை மிளகாய் முதல் கடுகு எண்ணெய் வரை கிடைக்கும்.

முரானோ, புரானோ தீவுகளுக்கும் படகிலேயே போய்வரலாம். முரானோவில் கண்ணாடிப் பட்டறை வாசலில் இலவசமாகக் காட்டுகிறோம் என்று அழைப்பார்கள், கடைசியில் கடைக்குள்தான் கொண்டுபோய் விடுவார்கள். புரானோவின் வண்ண வீடுகள் அம்மாவுக்குப் பிடித்தன, எனக்கு ஒரு மணி நேரத்தில் போதும் என்றாகிவிட்டது.

வசந்தத்திலும் கோடையிலும் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. 2024 முதல், அறிவிக்கப்பட்ட சில நாட்களில் பகல்பொழுதில் மட்டும் வந்துபோகும் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 2025 முதல் 10. தீவில் தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் விலக்குக்கும் இணையத்தில் பதிவு செய்து அதில் கிடைக்கும் சதுரக் குறியீட்டை (QR) கையில் வைத்திருக்க வேண்டும். கட்டணம் வாங்குவதற்கு ஒரு ஞாயம் இருக்கிறது. 1951-இல் பழைய நகரத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தார்கள், இப்போது 50,000-க்கும் கீழே. மளிகைக் கடை மூடி முகமூடிக் கடை திறக்கும் ஊரில் வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கிய நானும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

திரும்பும் நாளில் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். நவம்பர், டிசம்பர் மூடுபனியில் படகுகள் குறையும், வழியும் மாறும். ஸாத்தெரேயிலிருந்து வரும் படகில் பியாஸ்ஸாலே ரோமாவில் இறங்கி ரயில் நிலையத்துக்கு நடக்கலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். நடுவில் இருப்பது 2008-இல் திறந்த கலத்ராவா பாலம். கண்ணாடிப் படிகளில் வழுக்கி விழுந்தவர்கள் ஏராளம், பிறகு கண்ணாடியை எடுத்துக் கல் பதிக்க முடிவெடுத்தார்கள். சக்கரப் பெட்டியோடு அந்தப் பாலம் வேண்டவே வேண்டாம். இன்னும் ஒரு துறை படகிலேயே உட்கார்ந்திருந்து, ரயில் நிலையத் துறையான 'ஃபெரோவியா' என்ற பலகை வந்ததும் இறங்குங்கள்.